மூன்று அங்கணம்

அந்த அஞ்சலட்டையில் மொத்தம் நாலே வரி. மஞ்சள் அட்டை, ஒரு மூலையில் மழைத்துளி பட்டு மை பரவிய கறை, எழுதிப் பழகாத கையின் உருண்டை எழுத்து. ‘ஓட்டு வீடு. மூன்று அங்கணம். கிழக்குப் பார்த்த வாசல். கிணறு பக்கத்தில்.’ கோவிந்தாபுரத்து விவசாயி ஒருவர் பீர்மேட்டில் இருந்த என் அப்பாவுக்கு எழுதியது. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. அப்பா ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபாக்டரியில் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறுவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்துவிட்டு, வருகிற கார்த்திகையோடு ஓய்வு பெற இருந்தார். எஸ்டேட்டில் ஓய்வு என்றால் வேலை மட்டும் போகாது, குவார்ட்டர்ஸும் போய்விடும். எங்களுக்குச் சொந்தமாக வேறு கூரை எங்குமே இல்லை. அம்மா அட்டையை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். இரண்டாவது வரி வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை வாசித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, “அக்கா, மூணு அங்கணமாம்” என்றாள்.

எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். எங்கள் பேச்சில் அங்கணம் என்றால் அடுப்படி மூலையில் சிமெண்ட் பூசி, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரம்பு கட்டி, தண்ணீர் வெளியேற ஓட்டை வைத்து, பாத்திரம் கழுவுவதற்கென்று விட்ட இடம். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். மூன்று என்றால் அடுப்படியே மூன்று இருக்க வேண்டும், அண்ணன் தம்பிகள் மூன்று பேர் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்த பெரிய வீடாக இருக்க வேண்டும் என்று அம்மா ஊகித்தாள். அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். அதே சொல் மலைக்கு அந்தப் பக்கம் வேறு எதையாவது குறிக்கக்கூடும் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழ்தானே என்று இருந்துவிட்டோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவள் என்று பயிற்சிப் பள்ளியில் சான்றிதழ் வேறு வாங்கி வைத்திருந்தேன்.

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்ட அந்த அக்காதான் என் பெரியம்மா. முப்பது வயதில் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், நான் பிறப்பதற்கு முன்பே ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். முழங்காலுக்குக் கீழே அவளுடைய இரண்டு கால்களும் வீங்கி இறுகிக் கிடக்கும். மழைக்காலத்தில் தோல் வெடித்துப் புண்ணாகும். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிவரை வருவாள். அங்கணத்தின் வரம்பை ஒட்டிப் போட்ட பலகையில் உட்கார்ந்து கால்களை முன்னால் நீட்டிக்கொண்டால் அன்றைய பொழுது அவளுக்குத் தொடங்கிவிடும். காலையில் காப்பி குடித்த டம்ளரிலிருந்து இரவு பால் காய்ச்சிய சட்டிவரை எல்லாம் அவள் கைக்குத்தான் போகும். சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் வெண்கலப் பானையின் கழுத்தை அவள் தேய்ப்பது குழந்தைக்குக் காது கழுவுவது போல இருக்கும். நானோ அம்மாவோ உதவிக்குப் போனால் விரட்டிவிடுவாள். சோற்றுக்கு வேலை செய்கிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் காய்ச்சலில் படுத்துக் கிடக்கும் நாட்களில் சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பாள். அது காய்ச்சலின் குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

சமவெளியில் வீடு பார்த்ததே அவளுக்காகத்தான். பீர்மேட்டு ஈரம்தான் இந்தக் கால்களுக்கு எமன், வெயில் காயும் ஊருக்குக் கூட்டிப்போனால் வீக்கம் வாடிவிடும் என்று எஸ்டேட் கம்பவுண்டர் பல வருடமாகச் சொல்லிவந்தார். ஃபாக்டரியில் தூள் பெட்டி ஏற்ற வரும் லாரி ஓட்டுநருக்கு ஊர் கோவிந்தாபுரம். அவர்தான் இந்த வீட்டைப் பற்றிச் சொல்லி, வீட்டுக்காரரை அட்டை போட வைத்தவர். ஐப்பசியில் அப்பா இரண்டு நாள் லீவு எடுத்துப் போய்ப் பத்திரம் பதிந்துவிட்டு வந்தார். கையில் இருந்தது, இனி வரப்போவது எல்லாமே அந்த வீட்டுக்குள் போய்விட்டது. வீட்டை உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டதற்கு, அங்கே குடியிருந்தவர்களின் மகள் பிரசவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை என்றார். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை எப்படித் தலையை நீட்டுவது? தெருவில் நின்றபடி பார்த்திருக்கிறார், வீட்டுக்காரர் கொடுத்த மோரைக் குடித்திருக்கிறார், திரும்பிவிட்டார். முன்பக்கம் நல்ல நீளம் என்று மட்டும் சொன்னார். முன்னால் அவ்வளவு நீளம் இருந்தால் பின்னால் எவ்வளவு ஓடும் என்பதை நாங்களே கற்பனை செய்துகொண்டோம்.

அந்த இரண்டு மாதமும் அம்மா கட்டிய மனக்கோட்டைக்கு அளவே இல்லை. ஓர் அங்கணம் அன்றாடச் சமையலுக்கு, ஒன்று விருந்தாட்கள் வந்தால், மூன்றாவது முழுக்க முழுக்க அக்காவுக்கு என்று பங்கு பிரித்தாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே கேட்பாள். அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வரம்பு உயரமாக இருக்குமா, பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வசதிப்படுமா? உயரமாகத்தான் இருக்கும், அந்தக் காலத்து வீடல்லவா என்று அம்மா அடித்துச் சொன்னாள். ஓய்வு பெற்றுப் போகிறவர்கள் எஸ்டேட்டில் வழக்கமாகச் சாமான்களைக் கழித்துவிட்டுத்தான் போவார்கள். பெரிய கட்டில் ஒருவருக்கு, பெஞ்சு ஒருவருக்கு என்று கொடுத்து, இரண்டு பெட்டியோடு மலையிறங்குவார்கள். எங்களிடம், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜரின் ஏலத்தில் எடுத்த ஈட்டிமர அலமாரி ஒன்று இருந்தது. கதவில் ஆளுயரக் கண்ணாடி. ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையும் இருந்தது. இரண்டையும் கொடுத்துவிடுங்கள் என்று ஆபீஸ் ஹெட் கிளார்க் அப்பாவிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். மூன்று அங்கண வீட்டுக்கு இதுவே காணாது என்றாள். ஒரு கரண்டியைக்கூட நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் கிளம்பினோம். குமுளி இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி வழியாக லாரி கோவிந்தாபுரம் வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை வெயில் ஏறியிருந்தது. பெரியம்மா லாரியின் முன் சீட்டில் கால்களைச் சாக்கின் மேல் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளை இறக்குவதற்கு முன் வீட்டைப் பார்த்துவிடலாம் என்று நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். வீட்டுக்காரர் சாவியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். நடு என்றால் வீட்டுக்கே நடு. வாசலில் நின்றால் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் தெரிந்தது. ஒரே நீளக் கூடம், அதில் ஆள் மார்பளவுக்கு இரண்டு தடுப்புச் சுவர். பின்பக்கம் கதவைத் திறந்தால் சோளக்காடு. அவர் மேலே உத்தரங்களைக் கைநீட்டிக் காட்டினார்.

“ஏனுங்க, பாத்துக்குங்க. இந்தச் செவுத்துல இருந்து அந்த உத்தரம் வரைக்கும் ஒண்ணு. நடுவால ஒண்ணு. அந்தாண்ட சமையலுக்கு ஒண்ணு. சொன்னபடி மூணங்கணம் இருக்குதுங்களா?”

கொங்குப் பக்கத்தில் ஓர் உத்தரத்துக்கும் அடுத்த உத்தரத்துக்கும் இடைப்பட்ட இடத்துக்குப் பெயர் அங்கணம். வீட்டின் அளவை அதை வைத்துத்தான் சொல்வார்கள். மூன்று அங்கணம் என்றால் ஒரு சின்னக் குடும்பம் ஒண்டிக்கொள்ள ஒரு சின்ன வீடு. அவர் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பாத்திரம் எங்கே கழுவுவது என்று அம்மா கேட்டாள். வெளியே மண்ணில் கிடந்த துவைகல்லைக் காட்டினார். அப்பா உத்தரங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, சரியாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம். பெரியம்மா லாரியிலிருந்து தலையை நீட்டி, அங்கணம் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். மூன்று பேருக்கும் கயிறு அவிழ்க்கிற வேலை வந்துவிட்டது.

மேசை வாசலில் நுழையவே இல்லை. தாழ்வாரத்துக் கூரைக்கடியில் சாய்த்து வைத்தோம். அலமாரி நடு அங்கணத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் முதல் அங்கணத்தில், நான் அடுப்படி ஓரம், பெரியம்மா அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் அகலத்தில். ஒதுங்குவதற்குச் சோளக்காட்டுக்குத்தான் போக வேண்டும். அவளால் முடியாது. ஒரு பழைய டால்டா டின்னை அம்மா கொண்டுபோய் வைத்தாள். வாரக் கணக்கில் பெரியம்மா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். வந்த மூன்றாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவப் படியிறங்கியிருக்கிறாள். துவைகல்லின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. களை வெட்டப் போன இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். அதன்பின் அம்மா அவளை வெளியே விடவில்லை. அப்பாவுக்கு ஓய்வு வந்த கையோடு பெரியம்மாவுக்கும் வேலை போயிற்று. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். இந்தத் தடவை காய்ச்சல் இல்லை, அதனால் எங்களுக்குப் புரிந்தது. புரிந்தும் ஒன்றும் செய்யவில்லை.

தை மாதம் பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் அலமாரியைக் கொல்லங்கோட்டு மரக்கடைக்குக் கொடுத்துவிடலாம், மேசையையும் தள்ளிவிடலாம், நடு அங்கணத்தை மறைத்து அக்காவுக்கென்று ஒரு கட்டிலும் கைபிடிக்க ஒரு கழியும் போட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். செய்திருக்கலாம். ஒரு நாள் வேலை. அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து மதிக்க எங்களிடம் இருந்தது அந்த ஒரு கண்ணாடி அலமாரிதான். அது போய்விட்டால் மண்சுவரும் டால்டா டின்னும்தான் மிச்சம். பெரியம்மாவின் கால் புண்ணில் ஒரு வாடை உண்டு. பீர்மேட்டில் நாலு அறையில் அது கரைந்துவிடும், இங்கே வாசலிலேயே எதிர்கொள்ளும். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இன்று எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது வெட்கம்தான். “அவங்க வாரப்ப பெரியம்மா இங்கதான் படுத்திருக்கணுமா?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் அந்தத் தடுப்புச் சுவர்கள் மார்பளவுதான். ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்ற மூன்று பேருக்கும் கேட்கும். அம்மா என்னை அதட்டியிருக்கலாம். கடுகு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டாள்.

“எங் கொழுந்தன் மவன் மூணாறுப் பக்கம் பள்ளிவாசல்ல இருக்கான்லா. அவனுக்கு ஒரு கடுதாசி போடுங்க. இவ கல்யாணம் முடியுத வரைக்கும் அங்க இருந்துட்டு வாரேன்.”

கல்யாணம் முடிகிறவரைக்கும். அந்த வார்த்தைகளை நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நாள்தானே, கொஞ்ச நாள்தானே என்று அம்மா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். பள்ளிவாசல் மின்நிலையத்துக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் அந்தப் பையனுக்கு லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட குடியிருப்பில், ஓர் அறை. அவனும் மனைவியும் நாலு பிள்ளைகளும் அதில்தான். பீர்மேட்டைவிடக் குளிரான ஊர். அம்மா வீட்டில் இருந்ததிலேயே கனமான கம்பளியை எடுத்துத் தகரப் பெட்டியின் மேல் கட்டினாள். வெயிலைத் தேடி மலையிறக்கியவளைக் கம்பளியைக் கொடுத்து இன்னொரு மலைக்கு ஏற்றிவிட்டோம். அப்பா உடுமலை வழியாக மூணாறு பஸ்ஸில் கூட்டிப்போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவர், போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

பெண் பார்க்க வந்தவர்கள் அலமாரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் மாமியார் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று விசாரித்தார், குடிக்க வாங்கிக் குடித்தார், பெண் பிடித்திருக்கிறது என்றார். பங்குனியில் கல்யாணம். அலமாரி எனக்குச் சீராகப் பொள்ளாச்சிக்கு வந்துவிட்டது. மேசையை ஒரு டீக்கடைக்காரர் அதன் கால்களை அறுத்து எடுத்துப்போனார். கோவிந்தாபுரத்து வீட்டில் நடு அங்கணம் காலியாகக் கிடந்தது. அம்மா பள்ளிவாசலுக்கு இரண்டு கடிதம் போட்டாள். இரண்டுக்கும் பதில் இல்லை. அப்பாவுக்கு அப்போது நெஞ்சுவலி தொடங்கியிருந்தது. நீ போய்க் கூட்டிவா என்று அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினாள். ஆவணியில் ஒரு நாள் போனேன்.

லயத்து வராந்தாவின் கடைசியில், சாரல் அடிக்காமல் இருக்கப் படுதா கட்டிய மூலையில், பெரியம்மா சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கால்களில் துணி சுற்றியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதில் ஒன்றும் குறைவில்லை. கழுத்தில் தாலியைத் தொட்டுப் பார்த்தாள், புருஷன் வீட்டைப் பற்றி விசாரித்தாள். அந்தப் பையனின் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இடமெல்லாம் ஆகிவிட்டது பெரியம்மா, நடு அங்கணம் முழுக்க உங்களுக்குத்தான், கிளம்புங்கள் என்றேன். அவள் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

“ஏட்டி, எடம் அன்னைக்கும் இருந்துச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, “இங்க ஏழு பேரு இடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கோம். ஆனா என்னைய எங்க போடுததுன்னு யாரும் பேசல. நான் வரல தாயி. நீ பஸ்ஸ விட்டுராத” என்றாள்.

மூன்று தடவை கூப்பிட்டேன். சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லும் விருந்தாளியை இன்னும் கொஞ்சம் என்று உபசரிப்பது போன்ற கூப்பிடல் அது. காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம், நான் பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் மூணாறு பக்கம் திரும்பியதும் எனக்குள் வந்தது துக்கம் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முதலில் வந்தது நிம்மதி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறகு அவள் என் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அதை நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன், அந்தக் கவலை தீர்ந்தது. மறு வருடம் ஆடி மழையில் பெரியம்மா போய்விட்டாள். தந்தி வருவதற்குள் எரித்துவிட்டார்கள். எங்களால்தான் என்று அம்மா ஒருமுறை சொல்லத் தொடங்கினாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவர் போனபின் எங்கள் வீட்டை விற்றாயிற்று. போன மாதம் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, அவன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டின் வரைபடத்தை ஃபோனில் காட்டினான். பால்கனியை ஒட்டி எனக்கென்று ஒரு சின்ன அறை; பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும் என்றான். கட்டிலின் அளவைக் குறித்துக்கொண்டான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. நான் வரவில்லையப்பா, இங்கேயே ஓர் அறையும் சமையலுக்கு இடமும் உள்ள போர்ஷன் பார்த்து இருந்துகொள்கிறேன் என்றேன். அதெல்லாம் கூடாதும்மா என்றான். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றான். இன்னொரு தடவை கூப்பிடுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரிம்மா, உங்கள் இஷ்டம் என்று சொல்லி ஃபோனைச் சட்டைப் பையில் போட்டான். அந்த நிம்மதி அவன் முகத்தில் ஒரு நொடிதான் வந்து போயிற்று. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.